கொண்டதும் கொடுத்ததும்

கடாரங்கொண்டான் என்னும் பெயரை அறியாத தமிழ் மாணவர் நம் நாட்டில் அரியர். பேச்சுப் போட்டிகளில் அப்பெயர் முழங்கும்போது அவையில் கைத்தட்டல் எழுவதைப் பன்முறை கண்டிருக்கிறேன். இராசேந்திர சோழனின் கப்பல்கள் அலைகடல் கடந்து வந்து கடாரத்தை வென்ற செய்தி கேட்டு நமக்குப் பெருமிதம் உண்டாவது இயல்பே. ஆனால் அதே கடாரத்தின் அரசர் சோழநாட்டுக் கடற்கரையில் ஒரு பெரும் பௌத்தப் பள்ளியை எடுத்தார் என்பதையும், இராசேந்திரனின் தந்தையே அதற்கு ஓர் ஊரை வழங்கினார் என்பதையும், அதன்பின் ஐந்து நூற்றாண்டுக் காலம் அவ்வூரில் புத்தர் வழிபாடு நிலைத்திருந்தது என்பதையும் எடுத்துப் பேசிய மாணவரை நான் இன்னும் காணவில்லை. கொண்ட கதை நிலைத்தது; கொடுத்த கதை மறைந்தது. மறைந்த அந்தக் கதையை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாகப்பட்டினம் பழமையான துறைமுகம். இன்று நம்மவர் அவ்வூருக்குச் செல்வது பெரும்பாலும் நாகூர் தர்காவை நாடியோ வேளாங்கண்ணி மாதா கோயிலை நாடியோ ஆகும். சைவர்கள் காரோணத்து இறைவனை வணங்கச் செல்வர். இம்மூன்று வழிபாடுகளோடு நான்காவதாக ஒரு வழிபாடும் ஒருகாலத்தில் அங்கே ஓங்கி நின்றது. அதுவே புத்தர் வழிபாடு. பாலி மொழியில் உரைகள் பல இயற்றிய தம்மபாலர், தாம் நாகப்பட்டினத்தில் தருமாசோக மன்னரின் பெயரால் அமைந்த விகாரையில் தங்கியிருந்து நெத்திப்பகரணம் என்னும் நூலுக்கு உரை வரைந்ததாக அவ்வுரையின் இறுதியில் குறிக்கிறார். சோழப் பேரரசு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அவ்வூர் பௌத்த அறிஞர்களின் உறைவிடமாய் இருந்தது என்பதை அக்குறிப்புக் காட்டுகிறது.

அக்காலத்தில் நம் நாட்டுக் கரையிலிருந்து அவ்வூருக்குச் சென்ற ஒருவரின் பயணம் எழுத்தில் பதிவாகியுள்ளது. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து புத்தரின் நாட்டைக் காணப் புறப்பட்ட துறவியரின் வரலாறுகளை இத்சிங் என்னும் சீனத் துறவி தொகுத்து எழுதினார். அவர்களுள் வூசிங் என்பவர் சிறீவிசயத்திலிருந்து பதினைந்து நாளில் மலாயுவை அடைந்தார். மேலும் பதினைந்து நாளில் கெடாவை அடைந்தார். குளிர்காலத்தின் இறுதிவரை அங்கே தங்கிப் பின் மேற்றிசை நோக்கிக் கப்பலேறி, முப்பது நாளில் நாகப்பட்டினத்தை அடைந்தார். அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை சென்றார். காற்று மாறும்வரை கெடாவில் காத்திருப்பதும், வாடைக்காற்று வீசும் பருவத்தில் வங்கக்கடலைக் கடப்பதும் அன்றைய கடலோடிகளின் வழக்கம். கடலிலிருந்து பார்ப்போர்க்கு அடையாளமாய் உயர்ந்து நின்றது ஜெராய் மலை. அம்மலையடியிலிருந்து நாகப்பட்டினம் முப்பது நாள் தொலைவு. இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்தால், பிறகு நிகழ்ந்தவை எல்லாம் எளிதில் விளங்கும்.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கடாரத்தையும் சிறீவிசயத்தையும் ஆண்டவர் சைலேந்திர மரபினரான சூளாமணிவர்மர். அவர் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரையை எடுக்கத் தொடங்கினார். அவருடைய மைந்தர் மாறவிசயோத்துங்கவர்மர் தந்தையின் பெயராலேயே அதனை நிறைவித்தார். சூளாமணிவர்ம விகாரை என அது பெயர் பெற்றது. சூடாமணி விகாரை எனவும் வழங்குவர். பொன்மலையாகிய மேருவையும் தாழ்வுறச் செய்யும் உயரம் உடையது என்று வடமொழிச் செப்பேடு அதனைப் போற்றுகிறது. கடாரத்து வணிகரும் துறவியரும் சோழநாட்டிற்கு வந்திறங்கும் துறையில் தமக்கென ஒரு வழிபாட்டிடம் வேண்டினர் என்பது இதனால் தெரிகிறது. அயல்நாட்டு மன்னர் கட்டும் பள்ளிக்குச் சோழ மன்னர் இடமளித்தார் என்பதும் உடன் தெரிகிறது.

இடமளித்ததோடு இராசராசன் அமையவில்லை. தம் இருபத்தோராம் ஆட்சியாண்டில், அதாவது 1005-06இல், ஆனைமங்கலம் என்னும் ஊரை அவ்விகாரைக்குப் பள்ளிச்சந்தமாக வழங்கினார். பள்ளிச்சந்தம் என்பது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட இறையிலி நிலம். நிலத்தின் அளவு 97 வேலிக்கு மேற்பட்டது. அதிலிருந்து விகாரைக்குச் சேரவேண்டிய நெல் 8,943 கலத்திற்கு மேற்பட்டது. நாழி வரையிலும் கணக்கிட்டு அந்நெல் எழுதப்பட்டிருக்கிறது. ஊரின் எல்லையில் பெண்யானையை நடத்திச் சென்று, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறித்தனர். அக்காலத்தில்தான் தஞ்சையில் பெருவுடையார் கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. சிவபெருமானுக்கு விண்ணளாவிய கோயில் எடுத்துக்கொண்டிருந்த மன்னரே, கடல் கடந்து வந்த வேறு சமயத்தார்க்கு ஓர் ஊரையே விட்டுக்கொடுத்தார். இராசராசனுக்குப்பின் அக்கொடை தளராதிருக்கும்படி அதனை நிலைப்படுத்திச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவர் அவர் மைந்தர் இராசேந்திரன்.

இவ்விடத்தில் ஆசிரியராகிய நாம் நின்று நோக்கத்தக்க சொல் ஒன்று உண்டு. பிற்காலச் செப்பேட்டில் இவ்விகாரையின் பெயர் இராசராசப் பெரும்பள்ளி என்று காணப்படுகிறது. பள்ளி என்னும் சொல் துறவியர் உறையும் இடத்தைக் குறித்தது. அத்துறவியர் தம் உறைவிடத்திலேயே சிறுவர்க்கு எழுத்தறிவித்தமையால் கல்வி பயிலுமிடம் பள்ளிக்கூடம் எனப் பெயர் பெற்றது என்று அறிஞர் கூறுவர். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1940இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ என்னும் நூல் இதனை எடுத்துக்காட்டுகிறது. காலைதோறும் நாம் வாயிலில் நுழையும்போது தலைக்கு மேல் எழுதியிருக்கும் சொல், சமண பௌத்தத் துறவியர் நமக்கு விட்டுச்சென்ற சொல்.

கொடை ஒருபக்கம் மட்டும் நிகழவில்லை. இராசேந்திரனின் ஆட்சித் தொடக்கத்தில், நாகப்பட்டினத்துக் காரோணச் சிவன் கோயிலுக்குச் சிறீவிசயத்து அரசரின் முகவரும் கிடாரத்து அரையரின் முகவரும் அளித்த கொடைகளை அக்கோயிற் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. இறைவன் திருமேனிக்கு அணிகலன்கள் வந்தன. சீனக்கனகம் என்னும் சீனத்துப் பொன் வந்தது. சைவ மன்னர் புத்தர் பள்ளிக்கு ஊர் கொடுத்தார். பௌத்த மன்னர் சிவன் கோயிலுக்குப் பொன் கொடுத்தார். ஒரே ஊரின் இரு வழிபாட்டிடங்கள் இரு நாட்டு அரசர்களை இவ்வாறு பிணைத்திருந்தன.

அப்பிணைப்புக்குப் பின்னரே 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு நிகழ்ந்தது. சிறீவிசயமும் கடாரமும் உட்படப் பல துறைமுகங்களைச் சோழர் படை தாக்கியது; அரசர் சங்கிராம விசயோத்துங்கவர்மர் பிடிபட்டார்; அவர்தம் நகரின் வித்தியாதரத் தோரணமும் கைப்பற்றப்பட்டது. அப்போரின் காரணத்தை அறிஞர் பலவாறு கூறுவர். சீனத்துடன் நடந்த கடல் வாணிகத்தில் எழுந்த போட்டியே காரணம் என்பது பலர் துணிபு. காரணம் எதுவாயினும், தம் தந்தையின் கொடையைச் செப்பேட்டில் நிலைநிறுத்திய அதே கை, கொடை பெற்ற அரச மரபின் மீது வாளையும் உயர்த்தியது. இது வரலாற்றின் முரண். இம்முரணை மறைத்துவிட்டுப் பாடம் நடத்தலாகாது.

ஒருநாள் இப்பாடத்தின்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, கடாரம் என்பது நம் கெடாதானே? அப்படியானால் படையெடுத்து வந்தவர்களும் நாமா, தாக்கப்பட்டவர்களும் நாமா?” என்று வினவினாள். வகுப்பில் சிலர் நகைத்தனர். நான் நகைக்கவில்லை. அவள் பிறந்த மண் கெடா. அவள் பேசும் மொழி தமிழ். ஒன்றின் வெற்றியை மற்றொன்றின் தோல்வியாகவே அவளுக்குக் கற்பித்தால், அவள் தன் உள்ளத்தின் ஒரு பாதியை மற்றொரு பாதிக்குப் பகையாக்கிக்கொள்ள வேண்டும். அன்று நான் பாடநூலை மூடிவைத்து நாகப்பட்டினத்து விகாரையின் கதையைச் சொன்னேன். “இரண்டு கரையாரும் சேர்ந்து காத்த கோயில் ஒன்று இருந்தது அம்மா, அதைக் கட்டியவர்களும் நாம், அதற்கு ஊர் கொடுத்தவர்களும் நாம்” என்றேன். அவள் விடவில்லை. “போருக்குப் பிறகு அந்தக் கோயிலை இடித்துவிட்டார்களா?” என்று கேட்டாள்.

அவ்வினாவுக்கு விடை செப்பேட்டிலேயே உள்ளது. போருக்கு 65 ஆண்டுகள் கழித்து, 1090இல், முதற் குலோத்துங்கனின் இருபதாம் ஆட்சியாண்டில், கடாரத்து அரசரின் தூதர் இருவர் சோழ மன்னரிடம் வந்தனர். நாகப்பட்டினத்துப் பள்ளிகளுக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்களித்துச் செப்பேடு வழங்குமாறு வேண்டினர். மன்னரும் அவ்வாறே வழங்கினார். அதில் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி என இரு பள்ளிகள் குறிக்கப்படுகின்றன. கடாரங்கொண்ட மன்னரின் பெயரைத் தாங்கிய பள்ளிக்காகக் கடாரத்துத் தூதரே வந்து வேண்டினர்! போர் நடந்தது, ஆயினும் போரில் தோற்றவரின் கோயிலை வென்றவர் அழிக்கவில்லை, அதன் நிலத்தைப் பறிக்கவும் இல்லை. இதனை மாணவர்க்குச் சொல்லும்போது நம் முன்னோரின் வீரத்தினும் பெரிய ஒரு பண்பைச் சொல்லியவராவோம்.

அடியார்கள் பின்னும் வந்துகொண்டிருந்தனர். பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், நாகப்பட்டினம் எனக் கருதப்படும் இடத்தில் செங்கற் கோபுரம் ஒன்றைக் குறிக்கிறார். 1267இல் அப்பணி முடிந்ததெனச் சீன எழுத்தில் அங்கே பொறிக்கப்பட்டிருந்தது என்கிறார். 1476இல் பர்மாவின் பெகு நாட்டு மன்னர் தம்மசேதி, துறவியர் சிலரை இலங்கைக்கு அனுப்பினார். திரும்பும் வழியில் கப்பல் உடைந்து கரைசேர்ந்த சிலர் கால்நடையாக நாகப்பட்டினம் வந்தனர். பதரிகாராமம் என்னும் பழைய விகாரை இருந்த இடத்தைக் கண்டு, சீன அரசர் ஆணையால் அமைந்த குகையில் புத்தர் திருவுருவை வணங்கினர். இச்செய்தியைப் பெகுவின் கல்யாணிக் கல்வெட்டு கூறுகிறது. கடலில் உயிர்தப்பிய துறவியர், பிற நாட்டில் தம் ஆசானின் திருமுன் நின்ற அந்நேரத்தை எண்ணினால், அவ்வூர் எத்துணைப் பேர்க்குப் புகலிடமாய் இருந்திருக்கும் என்பது புலனாகும்.

உள்ளூர்த் தமிழர்க்கும் அவ்வழிபாடு அயலாய் இருக்கவில்லை. 1856 முதல் அவ்வூர் மண்ணிலிருந்து 350 அளவிலான பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவை பதினோராம் நூற்றாண்டு முதல் பதினாறாம் நூற்றாண்டு வரையில் வார்க்கப்பட்டவை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றுள் சிலவற்றின் முன் நான் நெடுநேரம் நின்றதுண்டு. உள்ளங்கையில் அடங்கும் அளவிலான உருவங்களும் அவற்றுள் உண்டு. தலையுச்சியில் தீச்சுடர் போன்ற முடி நாகப்பட்டினத்துப் புத்தர்க்குரிய அடையாளம். முகமோ சோழநாட்டுச் சிற்பி நன்கறிந்த முகம். அங்குக் கிடைத்த புத்தர் திருமேனி ஒன்றின் பீடத்தில் தமிழெழுத்துப் பொறிப்பு உள்ளது. இராசேந்திர சோழப் பெரும்பள்ளியில் அமைந்த அக்கசாலைப் பெரும்பள்ளியின் திருவிழாவில் எழுந்தருளுவதற்கு அத்திருமேனி அமைக்கப்பட்டது என்று அது தெரிவிக்கிறது. அக்கசாலை என்பது பொற்கொல்லர் முதலிய உலோக வினைஞரின் பணிக்கூடம். அப்பொறிப்பில் புத்தருக்கு வழங்கும் பெயர் யாது தெரியுமா? ஆழ்வார்! தம் ஊர்த் தெய்வங்களை விழாக்காலத்தில் வீதியுலா எழுந்தருளச் செய்த மக்கள், புத்தரையும் அவ்வாறே ஆழ்வார் என்றழைத்து எழுந்தருளச் செய்தனர்.

இத்தகைய தலம் எவ்வாறு மறைந்தது? சமயப் போட்டியின் நிழல் அதன்மீது விழாமல் இல்லை. நாகப்பட்டினத்துப் பொற்புத்தரைத் திருமங்கையாழ்வார் கவர்ந்து சென்று திருவரங்கத் திருப்பணிக்குப் பயன்படுத்தினார் என்று வைணவக் குருபரம்பரைக் கதை கூறுகிறது. ஆயினும் பகையைக் காட்டிலும் மறதியே அத்தலத்தை மிகுதியாய் அழித்தது என்பது என் கருத்து. தமிழகத்தில் பௌத்தர் குறைந்தனர்; கடாரமும் சிறீவிசயமும் வலியிழந்தன; கப்பல்கள் வேறு துறைகளை நாடின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊருக்கு வடபால் செங்கற் கோபுரம் ஒன்று மூன்று நிலைகளுடன் தனித்து நின்றது. கடலில் வருவோர்க்கு அது கரைகாட்டும் அடையாளம். ஆனால் அது யாருடையது என்று சொல்வார் ஊரில் இல்லை. சிலர் புதுவெளிக் கோபுரம் என்றனர். ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றனர். சிலர் சமணர் கோயில் என்றனர். தன் பெயரை இழந்த கட்டடம் தன் உரிமையாளரையும் இழந்தது.

அவ்வூரில் 1844இல் கல்லூரி நிறுவிய இயேசு சபைக் குருமார், பாழடைந்த அக்கோபுரத்தை இடிக்க 1859இல் அரசிடம் இசைவு வேண்டினர். அரசு மறுத்தது. 1867இல் மீண்டும் வேண்டியபோது இசைவு கிடைத்தது, கோபுரம் இடிக்கப்பட்டது. இடித்தவர்களை மட்டும் குறைகூறி என்ன பயன்? “இது எங்கள் முன்னோர் காத்த பள்ளி” என்று சொல்ல ஒரு குரலும் அன்று எழவில்லை. தடுக்க முயன்றோர் பழமையில் ஆர்வங்கொண்ட ஆங்கில அலுவலர் சிலரே. கோபுரத்தை முன்னர் நேரிற் கண்டிருந்த வால்ட்டர் எலியட் 1878இல் அதைப்பற்றி எழுதிய கட்டுரையே நமக்கு எஞ்சிய சான்று. அக்கல்லூரியும் அங்கே நிலைக்கவில்லை. 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறிச் சென்றது.

இஃது அக்கரையில் நடந்த செய்தி என்று நாம் வாளாவிருக்க இயலாது. இக்கரையிலும் அதுவே நிகழ்ந்தது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பௌத்த, சைவ வழிபாட்டிடங்களின் அடித்தளங்கள் பல கண்டெடுக்கப்பட்டன. மலாய்மொழியில் அவற்றைச் சண்டி என்பர். மெர்போக்கில் புக்கிட் பத்து பகாட் சண்டியை 1960இல் மீண்டும் கட்டி நிறுத்தினர். அதன் அருகில் அருங்காட்சியகமும் அமைந்தது. மாணவர்களை அழைத்துச் சென்று காட்டத்தக்க இடம் அது. ஆனால் அதே பள்ளத்தாக்கில் பதினோராம் எண்ணுடைய சண்டி, நிலம் திருத்தும் பணியின்போது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட செய்தி 2013இல் வெளிவந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அக்கட்டடம் எண்ணால் மட்டும் அறியப்பட்டிருந்தது. நாகப்பட்டினத்தில் 1867, கெடாவில் 2013. இரண்டு கரைகளிலும் போர்வாள் தொடாது விட்டதை மறதி தொட்டது.

கல் அழிந்தது, எழுத்து எஞ்சியது. ஆனைமங்கலக் கொடையைக் கூறும் செப்பேடு இருபத்தோர் ஏடுகள் கொண்டது. அரச முத்திரை பொறித்த வளையத்தில் கோக்கப்பட்டது. குலோத்துங்கனின் செப்பேடு மூன்று ஏடுகள். ஒல்லாந்தர் காலத்தில் இரண்டும் கடல்கடந்து சென்றன. 1862இல் ஒல்லாந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தை அடைந்தன. அதனாலேயே அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்ற பெயர் ஏற்பட்டது. அவற்றை அறிஞர் படித்து வெளியிட்டிராவிடின் கடாரத்து அரசரின் பெயரும் நமக்குத் தெரிந்திராது. விகாரையின் பெயரும் தெரிந்திராது. எழுத்தறிவிக்கும் தொழிலில் இருக்கும் நமக்கு இதைவிடப் பெரிய ஊக்கம் வேறென்ன வேண்டும்? கோபுரத்தைத் திரும்ப எழுப்புதல் நம்மால் ஆகாது. அதன் பெயரை மாணவர் நாவில் எழுப்புதல் ஆகும்.

ஆசிரியப் பெருமக்கள் இராசேந்திரனைக் கற்பிக்கும்போதெல்லாம் சூளாமணிவர்மரையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். 1025ஐக் கரும்பலகையில் எழுதும்போது அதற்கு முன்னே 1006ஐயும் பின்னே 1090ஐயும் எழுத வேண்டும். மூன்று எண்களையும் ஒருசேரக் கண்ட மாணவன், பகை இடையில் வந்து இடையிலேயே போனது என்பதைத் தானே உணர்வான். கெடாவில் பிறந்த தமிழ்க் குழந்தை தன் மண்ணுக்கும் தன் மொழிக்கும் இடையே நின்று தடுமாற வேண்டியதில்லை என்பதையும் உணர்வான். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் செல்லும் நம்மவர் இயலுமாயின் ஆனைமங்கலத்தையும் ஒருமுறை பார்த்து வரலாம். விகாரை இல்லை, கோபுரம் இல்லை. கீழ்வேளூர்ப் பக்கத்தில் அச்சிற்றூர் அதே பெயருடன் இருக்கிறது. கடாரத்தார் கட்டிய பள்ளிக்கு ஆண்டுதோறும் நெல்லளந்த மண் அது.